மோட்டார் வண்டியின் தீமூட்டற் சுருள்

ஏற்றத்திற் சென்றுகொண்டிருக்கும் மோட்டார் வண்டியொன்று திடீரெனத் தடுமாறுகின்றது. நான்கு உருளைகளுள் ஒன்று தன் வேலையைச் செய்யாமையால் இயந்திரம் நடுங்குகின்றது; வலு குன்றுகின்றது; எரியாத பெற்றோலின் மணம் பின்னே வருவோரின் மூக்கைத் துளைக்கின்றது. வண்டி 'மிஸ் அடிக்கின்றது' என்பர் பணிமனையாளர். பிளக்கிலே பொறி எழவில்லை என்று கண்டு, அவர் 'கொயில்' என வழங்கும் தூண்டற் சுருளை மாற்றிவிடுகின்றனர். வண்டியும் நன்றாக ஓடுகின்றது. சில மாதங்கள் கழிந்தபின் அதே நோய் அதே உருளையில் மீண்டும் தோன்றுகின்றது. புதிய சுருளும் கருகிப்போயிற்று. உரிமையாளர் சுருளைச் செய்தவனையும் விற்றவனையும் நொந்துகொண்டு மூன்றாவது சுருளுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கின்றார்.

தீமூட்டற் சுருளுக்குள் அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. தேய்வதற்கு அதனிடத்தே யாதுமில்லையாகலின், முறையாகப் பயன்படுத்தப்படுஞ் சுருள் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரு சுருள் கெடுமாயின் அதனைத் தற்செயல் எனலாம். அதே இடத்திலே இரண்டாவதுங் கெடுமாயின், அதனைக் கெடுப்பது வேறொன்று என்று ஐயுறுதலே அறிவுடைமை.

இதனை விளங்கிக்கொள்ளச் சுருளின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். காந்தப்புலம் மாறும்போது அதனைச் சூழ்ந்த கம்பியில் மின் தூண்டப்படும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்டார். இவ்வுண்மையைக் கொண்டு அயர்லாந்தின் மேனூத்தில் ஆசிரியராயிருந்த நிக்கொலஸ் கலன் என்னும் பாதிரியார் 1836இல் தூண்டற் சுருளை அமைத்தார். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் வகுத்த முறை 1910ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் இடம்பெற்றது. பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் வண்டிகளுட் பெரும்பாலானவை அம்முறையையே பின்பற்றின.

மெல்லிரும்புத் தகடுகளாலாய அகணியொன்றின்மேல் இரு கம்பிச் சுற்றுக்கள் உள. தடித்த கம்பியாலாய முதற்சுற்று சில நூறு முறையே சுற்றப்பட்டிருக்கும். மயிரினும் நுண்ணிய கம்பியாலாய துணைச்சுற்றோ இருபதினாயிரம் முறையளவிற் சுற்றப்பட்டிருக்கும். பற்றறியின் 12 வோல்ற்று முதற்சுற்றிற் செல்லும்போது காந்தப்புலம் உண்டாகின்றது. பொயின்ற் எனப்படும் தொடுமுனைகள் விலகி அவ்வோட்டத்தை வெட்டியதும் புலம் சரிந்து வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியிலே துணைச்சுற்றில் 20,000 வோல்ற்றும் அதற்கு மேலும் எழவல்லன. நான்கு உருளைகளையுடைய இயந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலுங்கால், ஒரே சுருள் செக்கனுக்கு 100 பொறிகளைத் தருகின்றது. கையடக்கமான ஒரு தகரக்குவளைக்குள் இத்துணை வேலை நிகழ்வது வியப்பிற்குரியதே.

இங்கே பலரும் கருதாது விடும் உண்மையொன்று உளது. சுருள் எப்போதும் தன் முழு அழுத்தத்தையும் வெளிவிடுவதன்று. பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவிற்கே அது உயரும். பொறி பாய்ந்ததும் உயர்ச்சி நின்றுவிடும். எனவே சுருளின்மேல் வீழும் சுமையை வரையறுப்பது பிளக்கே. இடைவெளி பெருகப் பெருகவும், உருளைக்குள் வாயுவின் அமுக்கம் மிகமிகவும், வேண்டிய அழுத்தம் ஏறும். நலிந்த தொகுதி சமதரையிற் செவ்வனே ஓடி ஏற்றத்திலே தடுமாறுவதற்கு இதுவே காரணம். ஏற்றத்தில் எரிபொருட் கலவை மிகுதியாக உட்புகுந்து அமுக்கத்தைக் கூட்டுகின்றது.

பிளக்கின் முனைகள் ஒவ்வொரு பொறியாலும் அணுவணுவாகத் தேய்கின்றன. 0.025 அங்குலமாக வைக்கப்பட்ட இடைவெளி காலப்போக்கில் விரிகின்றது. பிளக்குக் கம்பி அறுந்தோ கழன்றோ இருப்பின் நிலைமை இன்னுங் கொடிது. பாய்வதற்கு வழி காணாத மின்னழுத்தம் தன் எல்லைவரை உயர்ந்து, சுருளின் உள்ளே காவலியைத் துளைத்துக்கொண்டு வேறு வழி தேடும். ஒருமுறை துளைத்த வழியிற் கரி படியும். கரி மின்னைக் கடத்துமாதலின் அடுத்த பொறிக்கு அவ்வழி இன்னும் எளிதாகும். அதன்பின் அச்சுருளுக்கு மருந்தில்லை. பொறி வருகின்றதா என்று பார்ப்பதற்காகக் கம்பியைக் கழற்றி வெறுமனே விட்டு இயந்திரத்தைச் சுழற்றும் வழக்கம் சில பணிமனைகளில் உண்டு. நோயறியப் புகுந்தவரே நோயை விளைப்பது அதுவாம்.

காவலியைக் கெடுக்கும் மற்றொரு பகை வெப்பம். பழைய பிரித்தானிய வண்டிகளின் சுருளினது முதற்சுற்றின் தடை ஏறக்குறைய 3 ஓம். 12 வோல்ற்று இதிற் செலுத்தும் ஓட்டம் 4 அம்பியர்; உண்டாகும் வெப்பம் 48 உவாற்று. இயந்திரம் ஓடும்போது தொடுமுனைகள் விட்டுவிட்டுத் திறப்பதால் இவ்வெப்பம் பெரிதுங் குறையும். பிற்கால வண்டிகள் பலவற்றில் 1.5 ஓம் சுருளை வைத்து, அதனோடு தொடராக வெளியே 1.5 ஓம் தடையொன்றையும் இணைத்தனர். வண்டியைத் தொடக்குங்கால் பற்றறியின் அழுத்தம் தாழ்ந்துபோவதால், அவ்வேளையில் மட்டும் தடையை விலக்கிச் சுருளுக்கு நேரே மின் கொடுப்பது இவ்வேற்பாட்டின் நோக்கம். ஓடும்போது ஓட்டம் முன்போல 4 அம்பியரே. வெப்பத்திற் பாதியை வெளித்தடை ஏற்றுக்கொள்ள, சுருளில் 24 உவாற்று மட்டும் எழும்.

இவ்வகைச் சுருளை வெளித்தடையில்லாத பழைய வண்டியிற் பூட்டினால் யாது நிகழும்? ஓட்டம் 8 அம்பியராகின்றது. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க வருவது 96 உவாற்று. சுருளுக்கென வகுக்கப்பட்டதன் நான்கு மடங்கு. பார்வைக்கு இரண்டு சுருள்களும் ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் இரண்டையும் '12 வோல்ற்றுக் கொயில்' என்றே கொடுப்பர். வண்டி தொடக்கத்தில் முன்னையினுஞ் சிறப்பாக ஓடும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். சில நாளிற் சுருள் கொதித்து உள்ளிருக்கும் எண்ணெய் கசியும், தொடுமுனைகளுங் கருகும். புதுச்சுருளைப் பூட்டுமுன் அதன் முதற்சுற்றின் தடையை ஓம்மானியால் அளத்தற்கு ஒரு நிமிடமே வேண்டும்.

சாவியைத் திறந்தபடி விட்டு இயந்திரத்தை நிறுத்திவைப்பதும் இத்தகைய கேடே. தொடுமுனைகள் மூடிய நிலையில் நின்றுவிட்டால் ஓட்டம் இடையறாது பாய்ந்து சுருளைச் சுடும். மின்னேற்றும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதுற்று 14 வோல்ற்றுக்குப் பதிலாக 16 வோல்ற்றை விடுமாயின், வெப்பம் 30 சதவீதத்துக்கு மேல் மிகும்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உழைத்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 ஆகிய வண்டிகளைப் பேணுவோர்க்கு இன்னொன்றும் அறியத்தக்கது. அவை பற்றறியின் நேர்முனை வண்டியுடலோடு இணைக்கப்பட்டனவாய் வந்தவை. பின்னாளில் அவற்றுக்குப் புதுவகை மின்பிறப்பாக்கி பூட்டுவோர் எதிர்முனையை உடலோடு இணைக்கின்றனர். அப்போது சுருளின் இரு சிறு முனைகளுக்குஞ் செல்லுங் கம்பிகளையும் இடமாற்றுதல் வேண்டும்; அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். பிளக்கின் நடுமுனை மிக்க வெப்பமுடையது. சூடான பரப்பிலிருந்து இலத்திரன்கள் எளிதில் வெளிப்படும். ஆகையால் அம்முனை எதிரேற்றம் பெறுவதே நன்று. கம்பிகள் மாறியிருப்பின் பொறி எழத்தான் செய்யும். ஆனால் அதற்குக் கூடிய அழுத்தம் வேண்டியிருத்தலின் சுருள் ஒவ்வொரு பொறிக்கும் வீணே வருந்தும்.

மிஸ் அடிக்கும் வண்டியிலெல்லாம் சுருளே தொல்லைப்படுவதாகக் கொள்ளுதலுந் தவறு. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெயால் ஓட்டியதை மூத்தோர் அறிவர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அது அரைகுறையாய் எரிந்து பிளக்கின்மேற் கரியைப் படியவைக்கும். அக்கரியின் வழியே மின் கசிந்துபோவதால் பொறி பாய்வதற்கேற்ற அழுத்தம் எழுவதேயில்லை. இந்நிலையிற் சுருளுக்கு மிகைச்சுமை யாதுமின்று. எத்தனை சுருளை மாற்றினும் பயனுமின்று. பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டிய அக்காலத்து ஓட்டுநர் இதனைச் செய்கையால் உணர்ந்திருந்தனர்.

இன்றைய வண்டிகளிற் பொதுவான ஒற்றைச் சுருள் மறைந்து, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒவ்வொரு சிறு சுருள் அமர்ந்திருக்கின்றது. தொடுமுனைகளின் தொழிலைத் திரான்சிஸ்ரர் செய்கின்றது; அதனைக் கணினி ஆளுகின்றது. முறை மாறினும் சுருளைக் கொல்லும் பகைகள் பெரிதும் மாறவில்லை. தேய்ந்த பிளக்கே இன்றும் முதற்பகை. புதியதாக ஒன்று சேர்ந்துள்ளது. சுருள் இறங்கியிருக்கும் ஆழ்ந்த குழியினுள், வால்வு மூடியின் அடைப்புப் பழுதுற்றதும் எண்ணெய் ஊறி நிற்கும். சுருளின் இறப்பர்க் குழல் அதில் ஊறிப் பருத்து மென்மையாகி, மின்னைத் தடுக்கும் ஆற்றலை இழக்கின்றது. பொறி பிளக்கை விட்டுக் குழியின் சுவருக்கே பாயும். எண்ணெயைத் துடைத்துப் புதுச்சுருளை இறக்கி, அடைப்பை மாற்றாது விட்டவர் சில மாதங்களில் மீண்டும் சுருள் வாங்கவேண்டியவரே.

இத்தகைய வண்டிகளில் இயந்திரச் சுழற்சியின் சிறு தளர்வுகளைக் கணித்து, எந்த உருளை தவறுகின்றது என்பதைக் கணினியே குறித்துக்கொள்ளும். பி0301 என்னுங் குறி முதலாம் உருளையையும் பி0302 இரண்டாம் உருளையையும் சுட்டும். குறி உருளையைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது என்பதை மனத்திருத்தல் வேண்டும். முதலாம் உருளையின் சுருளை இரண்டாவதற்கும், இரண்டாவதினதை முதலாவதற்குமாக இடமாற்றி ஓட்டிப் பார்ப்பதே ஏற்ற சோதனை. நோய் சுருளோடு சென்று பி0302 எனத் தோன்றின், சுருள் பழுதுற்றதாகும். முதலாம் உருளையிலேயே நிலைத்திருப்பின் பிளக்கை அவ்வாறு மாற்றிப் பார்த்தல் வேண்டும். அதன்பின் எரிபொருள் தெளிப்பான். இறுதியிலே அமுக்கச் சோதனை. எரிந்துபோன வால்வொன்று அமுக்கத்தைக் கசியவிட்டால் எந்தப் பொறியும் அவ்வுருளையை இயக்கமாட்டாது. ஒரே வேளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோர் வண்டியை ஓடச்செய்யக்கூடும். ஆயினும் எது கெட்டதென்பது அவர்க்குத் தெரியாது, மறுமுறை வரும்போதும் தெரியாது.

இதற்கிடையே எச்சரிக்கை விளக்கு மினுக்கி மினுக்கி எரியுமாயின் வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாகாது. எரியாத பெற்றோல் புகைபோக்கியிலுள்ள வினையூக்கியிற் சென்று எரிந்து அதனை உருக்கிவிடும். ஒரு சுருளின் விலையைச் சேமிக்க எண்ணியவர் அதனினும் பன்மடங்கு விலையுள்ள உறுப்பை இழப்பர்.

கழற்றிய பழைய சுருளை எறிந்துவிடாது வெளிச்சத்திற் பார்த்தல் நன்று. இறப்பர்க் குழலில் நூல்போன்ற கருங்கோடு காணப்படின் பொறி வெளிவழியே பாய்ந்தது. பிளக்கையும் குழியையும் நோக்குக. உடல் வீங்கியோ வெடித்தோ இருப்பின் வெப்பமே காரணம். முதற்சுற்றின் ஓட்டத்தை ஆராய்க. புதுவகை வண்டியில் திரான்சிஸ்ரர் மூடியபடி ஒட்டிக்கொண்டாலும் இதே விளைவுதான். அத்தகைய சுருளின் தடை மிகச் சிறிதாகையால் இடையறாத ஓட்டம் விரைவில் அதனைச் சுட்டுவிடும். சுருளே பிறவியிற் குறையுடையதாதலும் உண்டு. வொக்ஸ்வாகன் நிறுவனம் 2001 முதல் 2003 வரையிலான தன் வண்டிகள் பலவற்றிற் சுருள்கள் தொடர்ந்து பழுதுற்றமையால் 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவற்றைத் தன் செலவில் மாற்றிக் கொடுத்தது.

ஓம்மானியின் சான்றையும் அளவறிந்தே ஏற்றல் வேண்டும். அக்கருவி தருவது ஓரிரு வோல்ற்று அழுத்தமே. அறுந்த கம்பியை அது காட்டும். ஆயிரக்கணக்கான வோல்ற்றில் மட்டும் தோற்றுப்போகுங் காவலியை அதனாற் காட்டவியலாது. குளிர்ந்திருக்கும்போது குறையின்றி ஓடி, அரைமணி நேரத்தில் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும் வண்டியின் சுருளை மேசைமேல் வைத்து அளந்தால் எல்லாஞ் சரியென்றே கருவி கூறும். வெப்பத்தில் விரிந்து பிரியும் முறிவு ஆறும்போது மீளப் பொருந்திவிடுகின்றது. பெற்றோல் குழாயில் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் குறிகள் இவ்வாறே இருக்குமாதலின், வண்டி நின்ற அக்கணத்திலேயே பொறியைச் சோதித்தல் வேண்டும். உதிரியான பிளக்கொன்றைக் கம்பியிற் செருகி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் இரும்போடு கௌவியால் இறுகப் பிணைத்து, கையாற் பற்றாது, பெற்றோல் ஆவி இல்லாத இடத்தில் வைத்து இயந்திரத்தைச் சுழற்றுக. நீலநிறமான வலிய பொறி ஒழுங்காகப் பாயுமாயின் எரிபொருள் வழியை நாடுக. பொறி மங்கியோ அறவே இன்றியோ இருப்பின், சுருள் சூடாக இருக்கும்போதே இன்னொன்றை மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஆறவிட்டாற் சோதனையின் பயன் போய்விடும்.