வேலைத்தலமும் வீடும் – 9: கட்டிலும் தொட்டிலும்

பிள்ளைப்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்களில் பலருக்குக் குடும்பம் வேறு ஊரில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர் இது. இன்று இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் வளாகங்களோடு சேர்ந்து ஒரே தொழில் வட்டாரமாகிவிட்டது. கார், டயர், கண்ணாடி, செல்போன் என்று ஆலைகள் பெருகப் பெருக, ஆள் எடுப்பு திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களைத் தாண்டி ஒடிசா, பீகார், அசாம் வரை போய்விட்டது.

வந்தவர்கள் தங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விடுதி, மற்றொன்று லைன் வீடு. கம்பெனியோ ஒப்பந்ததாரரோ வாடகைக்குப் பிடித்த கட்டடங்களே நெடுங்காலம் விடுதிகளாக இருந்தன. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே அப்படி ஒரு பெண்கள் விடுதியில் சாப்பாடு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் தங்கியிருந்தவர்களின் கதி தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்த அறைகளும் சமையற்கூடங்களும் எப்படி இருந்தன என்று வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். 18,720 பெண்கள் தங்கலாம். அறைக்கு 6 பேர். பாதுகாப்பிலும் உணவிலும் தண்ணீரிலும் பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் இதன் கணக்கு கட்டில் கணக்கு. ஒரு பேரூராட்சி அளவுக்கு ஆட்கள் வாழும் இந்த இடத்தில் தொட்டில் கட்ட இடமில்லை.

பெண்கள் இரவு ஷிஃப்டுக்கு வர வழி திறந்தது 2000-ஆம் ஆண்டில். தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் இருந்த இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அப்போது நீக்கியது. போக்குவரத்து, பாதுகாப்பு முதலிய நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. இரவு ஷிஃப்டுக்குப் போன பெண், கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலையில் இருக்க முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துச் செல்போன் ஆலை ஒன்றுக்கு ஆள் எடுக்கையில் மணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. கல்யாணம் நிச்சயமானதும் விடுதிப் பெட்டியைக் கட்டுவது, விதியாக எங்கும் எழுதப்படாமலே, பழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

குடும்பத்தோடு இருக்க வேண்டுமென்றால் லைன் வீடுதான். நிலத்தில் ஒரு பகுதி ஆலைக்குப் போன பிறகு, மிச்சமிருந்த மனையில் உள்ளூர்க்காரர்கள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகள் இவை. உள்ளே ஒரு சமையல் மேடை, வெளியே பொதுக் குழாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால், குழந்தை ஷிஃப்ட் கணக்கில்தான் வளர்கிறது. அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அம்மா பகல் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பியாக வேண்டும். இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் பிள்ளை கை மாறுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் விழுந்த வாரத்தில் பக்கத்து அறைக்காரரின் மனம் இளக வேண்டும். பகலெல்லாம் அப்பா தூங்குவார், சத்தம் போடக்கூடாது என்பதைப் பேச்சு வருவதற்கு முன்பே அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

இதற்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் பிள்ளையை ஊரில் விடுகிறார்கள். பாட்டி வீடு, கிராமத்து அங்கன்வாடி, மாலையில் வீடியோ அழைப்பு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெற்றோர் வரும்போது, முதல் நாள் பிள்ளை பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் நிற்கிறது. ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் லீவு முடிந்துவிடுகிறது.

மனித நடமாட்டமே அரிதான இடங்களில்கூட குடும்பத்தை வேலைத்தலத்திலேயே வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகள் அதற்குச் சான்று. தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் பண்ணை ஏறத்தாழ 23,000 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். மாடு ஓட்ட வரும் மணமாகாத இளைஞர்களுக்கு அங்கேயும் பொதுக் கொட்டகைதான். ஆனால் பண்ணையை நடத்துபவர் மனைவி மக்களோடு அங்கேயே குடியிருக்கிறார். அப்படி இருக்க முடிந்ததற்குக் காரணம், மருத்துவரும் பள்ளியும் அவர்களைத் தேடிப் போனதுதான். ஜான் ஃப்ளின் என்ற மதகுரு 1928-ல் குளோன்கரியில் விமான மருத்துவ சேவையைத் தொடங்கினார். மின்சாரம் இல்லாத வீட்டிலும் காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை ஆல்ஃப்ரெட் டிரேகர் செய்து தந்தார். அந்த வானொலி வழியாகவே 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வான்வழிப் பள்ளி தொடங்கியது. அடுத்த வீடு நூறு கி.மீ. தள்ளி இருந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்து பதில் சொன்னார்கள். இந்த வசதிகள் எல்லாருக்கும் கிடைத்தன என்று எண்ணிவிடக்கூடாது. அதே பண்ணைகளில் தலைமுறைகளாக மாடு மேய்த்த பழங்குடிக் குடும்பங்கள் மாவுக்கும் தேயிலைக்கும் உழைத்தன. இதை எதிர்த்து 1966-ல் வேவ் ஹில் பண்ணையில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சிப் பழங்குடி மக்கள் சுமார் 200 பேர் குடும்பங்களோடு வெளியேறினார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் பள்ளியும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வடமாநிலக் குடும்பங்களுக்கு அங்கே தடையாக நிற்பது மொழி. ஒடியாவில் எழுதப் பழகிய குழந்தை பாதி ஆண்டில் தமிழ் வகுப்பில் வந்து உட்கார்கிறது. ரேஷனுக்கு அந்தத் தடை இல்லை. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் சேர்ந்ததால், அவர்களின் ஊர் அட்டைக்கு இங்கே தானியம் வாங்கலாம்.

குழந்தைக் காப்பகத்துக்கும் சட்டம் உண்டு. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 ஊழியர் உள்ள நிறுவனத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கவும் உரிமை தந்தது. ஆனால் விடியுமுன் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தையை ஏற்றிக்கொண்டு வர எந்தத் தாய்க்கும் மனம் வராது. பாட்டி வீட்டில் இருக்கும் பிள்ளையை நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கவும் முடியாது. காப்பகம் ஆலைக்குள்தான் இருக்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை. குறிப்பிட்ட தூரத்துக்குள், பொது வசதியாகவும் அமைக்கலாம் என்று இடம் விட்டது. பல ஆலைகள் சேர்ந்து, லைன் வீடுகள் நெருங்கியிருக்கும் தெருவிலேயே, மூன்று ஷிஃப்டுக்கும் திறந்திருக்கும் ஒரு காப்பகத்தை நடத்த அதுவே போதும்.