கையாடல்

நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை, அதை வைத்திருப்பவரே தனக்கென எடுத்துக்கொள்வது கையாடல். திருடனுக்குப் பூட்டை உடைக்கும் வேலை இருக்கிறது. கையாடுபவரிடம் சாவியே இருக்கிறது. பணம் முறையாகத்தான் அவர் கைக்கு வருகிறது. குற்றம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. ஆசை காட்டி ஏமாற்றிப் பணம் பறிப்பது மோசடி. அங்கே தொடக்கமே பொய்.

நடைமுறையில் இது பெரும்பாலும் ரசீதுப் புத்தகத்தில் நடக்கும். கட்டியவருக்கு 5,000 ரூபாய்க்கு ரசீது, அடிக்கட்டையில் 500. இன்னொரு வழி, இன்று வசூலான பணத்தைக் கொண்டு நேற்று எடுத்ததை அடைப்பது. இதற்கு ஒருநாள்கூட விடுப்பு எடுக்க முடியாது. மாற்று ஆள் உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும். விடுப்பே எடுக்காத காசாளரைத் தணிக்கையாளர்கள் சந்தேகிப்பது இதனால்தான்.

"திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்" என்பது வழக்கமான சமாதானம். சட்டம் இதை ஏற்பதில்லை: நேர்மையற்ற எண்ணத்தோடு தற்காலிகமாக எடுத்தாலும் கையாடலே. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு கையாடலையும், 316ஆம் பிரிவு, நம்பி ஒப்படைத்ததைக் கையாடும் நம்பிக்கை மோசடியையும் சொல்கின்றன. நம்பிக்கை மோசடி செய்தவர் எழுத்தர், பணியாளர் என்றால் 7 ஆண்டுகள் வரை சிறை. அரசு ஊழியர், வங்கியர் என்றால் ஆயுள் தண்டனைகூட உண்டு.

செய்தித்தாள்கள் "கையாடல்" என்று எழுதுவதை, டீக்கடையில் "சுருட்டிட்டான்", "அமுக்கிட்டான்", "ஏப்பம் விட்டுட்டான்" என்பார்கள்.