கதவுக்கு வெளியே கிடைத்த விடை

பிரசல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ‘ஃபோஸ்டெம்’ திறந்தமூல மென்பொருள் மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. முந்தியவருக்கே நாற்காலி.

கோலாலம்பூரிலிருந்து ஆண்டு விடுப்பையும் சேமிப்பையும் செலவழித்துப் போயிருந்தேன். நான் கேட்க விரும்பிய உரை நடந்த அறையின் கதவில் ‘இடமில்லை’ என்ற அறிவிப்பு.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நான் உருவாக்கிய அகராதிச் செயலியில் ‘கொடி’ என்று தேடினால், சில வேளை ‘சொல் இல்லை’ என்றே வரும். என்னைப் போலவே வெளியே நின்ற ஒருவரிடம் தயங்கித் தயங்கி அதைக் காட்டினேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால், யூனிகோடில் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம், தேடும் முன் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்றார்.

நடைபாதையிலேயே நான்கு வரிகளைத் திருத்தினேன். ‘கொடி’ வந்தது.

இப்போது எந்த மாநாட்டுக்குப் போனாலும், ஒரு கேள்வியையும் கையோடு கொண்டு போகிறேன்.