பேரலையைப் படமெடுப்பது எப்படி?

நடுக்கடல் புயலில் பிறந்து கரையில் உடையும் அலை எப்படி உயர்கிறது, கேமரா அதை எப்படிப் பிடிக்கிறது? அடுப்பில் வைத்த பால் பானையைக் கொண்டு ஒரு விளக்கம்.

அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நெடுநேரம் எதுவும் நடக்காது. பிறகு ஓரத்தில் சின்னக் குமிழிகள் வரும், மேலே படிந்த ஆடை நெளியும், கண்ணை எடுத்துத் திரும்புவதற்குள் பால் விளிம்பைத் தாண்டிவிடும். பொங்குவது சில நொடி. அதற்கான சூடு ஏறியது பல நிமிடம்.

கடலின் பேரலையும் இப்படித்தான். போர்ச்சுகலின் நசாரே கரையில் எட்டு மாடி உயரத்துக்கு எழும் அலை, கேமராவின் முன்னால் சில நொடிதான் நிற்கிறது. அதற்கான சூடு இரண்டு மூன்று நாள் முன்பே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஏறத் தொடங்கிவிட்டது. நல்ல அலைப் படம் எடுப்பவர்கள் இந்த முன்கதையைப் படித்தவர்கள். அவர்களுக்கு ஷட்டரை அழுத்துவது கடைசி வேலை.

1. அடுப்பு: புயல்

பால் எவ்வளவு சூடாகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தீ எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம் எரிகிறது, பானையின் அடியில் எவ்வளவு இடத்தில் படுகிறது. கடலுக்கும் இதே கணக்கு. காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, எத்தனை மணி நேரம் வீசுகிறது, எவ்வளவு நீளமான கடற்பரப்பின் மேல் ஒரே திசையில் வீசுகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அலையின் அளவை முடிவு செய்கின்றன. ஒன்று குறைந்தாலும் பெரிய அலை வராது. ஏரியில் எவ்வளவு காற்று அடித்தாலும் பேரலை எழாததற்குக் காரணம், காற்று ஓட அங்கே இடம் போதாது என்பதுதான்.

குளிர்காலத்து வட அட்லாண்டிக்கில் மூன்றும் ஒன்றுசேர்கின்றன. கனடாவின் கிழக்குக் கரைக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் பெரிய தாழ்வழுத்தப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகும். திறந்த கடலில் புயற்காற்று நாள்கணக்கில் வீசும். நசாரேயின் பேரலைப் பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்று இருப்பது இதனால்தான்.

2. தீ அணைந்த பிறகு: தூரப் பயணம்

அடுப்பை அணைத்ததும் பாலின் சூடு போய்விடுவதில்லை. புயல் ஓய்ந்த பிறகும் அது கடலுக்குள் ஏற்றிய ஆற்றல் அலையாகப் பயணம் செய்துகொண்டே இருக்கும். புயலுக்குள் நெட்டையும் குட்டையுமாகக் கலைந்து கிடந்த அலைகள், வெளியே வர வரப் பிரிகின்றன. நீளமான அலைகள் வேகமாக ஓடி முன்னால் போய்விடும். குட்டையானவை பின்தங்கி வலுவிழக்கும். கரைக்கு வந்து சேர்வது வரிசை கட்டிய, ஒழுங்கான அலை.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய எண் அலையின் கால இடைவெளி, அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கடக்கும் நொடிகள். இடைவெளி 16 நொடி என்றால், ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். முகடு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அலைக்கூட்டமும் அதன் ஆற்றலும் அதில் பாதி வேகத்தில், மணிக்கு 45 கிலோமீட்டரில் நகரும். ஒரு நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். புயல் எங்கே நின்றது என்று தெரிந்தால், அலை எந்த நாள் கரைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அலைப் புகைப்படக்காரர்கள் வானிலை வரைபடத்தைப் பார்த்து விமானச் சீட்டு வாங்குவது இந்தக் கணக்கை நம்பித்தான்.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 3 மீட்டர் உயரம், 7 நொடி என்றால் கரையில் கலங்கிய, நுரைத்த கடல்தான் கிடைக்கும். அதே 3 மீட்டர், 17 நொடி என்றால் ஆழம் வரை ஆற்றல் நிறைந்த அலை வருகிறது என்று பொருள். கரையில் எழுந்து நிற்கப் போவது அதுதான்.

3. பானையின் கழுத்து: கடலடி

வயிறு அகன்று கழுத்து குறுகிய பானையில் பால் வைத்துப் பாருங்கள். நுரை வயிற்றுப் பகுதியில் மெதுவாக ஏறும். கழுத்தை எட்டியதும் அதே நுரைக்கு இடம் போதாமல் சட்டென்று மேலே பாயும். அலை கரைக்கு வரும்போது நடப்பதும் இதுவே. இங்கே கழுத்தைக் குறுக்குவது கடலடித் தரை.

கடலின் ஆழம் அலையின் நீளத்தில் பாதியாகக் குறையும் இடத்தில் அலை தரையை உணரத் தொடங்குகிறது. 400 மீட்டர் நீள அலை 200 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்துவிடும். அதன் பிறகு ஆழம் குறையக் குறைய வேகம் குறையும். பின்னால் வரும் முகடு முன்னால் போகும் முகட்டை நெருங்கும். நீளத்தில் பரவியிருந்த ஆற்றல் நெருக்கப்பட்டு உயரமாக மாறும். நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை தாங்க முடியாமல் கவிழ்ந்து உடைகிறது.

நசாரேயில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்த ஊரின் முன்னால் கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது. நீளம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம். மிக ஆழமான இடத்தில் சுமார் 5,000 மீட்டர். அதன் தலைப்பகுதி கரைக்கு வெகு அருகே வந்து முடிகிறது. பள்ளத்தாக்கின் மேல் வரும் அலைக்கு ஆழம் இருப்பதால் வேகம் குறைவதில்லை. பக்கத்தில், ஆழம் குறைந்த மேடையின் மேல் வரும் அதே அலை மெதுவாகிவிடுகிறது. வேகமான பகுதி வளைந்து திரும்பி மெதுவான பகுதியோடு மோதும் இடம், ஊருக்கு வடக்கே உள்ள பிரையா டோ நோர்த்தே கடற்கரை. முகட்டின் மேல் முகடு ஏறுவதால் உயரம் கூடுகிறது. சில கிலோமீட்டர் தள்ளி அதே நாளில் சாதாரண அலை அடித்துக்கொண்டிருக்கும்.

எங்கே நிற்பது என்ற கேள்விக்குப் பதில் கடலடி வரைபடத்தில் இருக்கிறது. அலை உடையும் கோடு எங்கே விழும் என்று தெரிந்தவருக்குத்தான் முன்னாலிருந்து எடுப்பதா, பக்கவாட்டிலிருந்து எடுப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. பக்கவாட்டில் நின்றால் அலையின் வளைவும் உயரமும் தெரியும். நேர் எதிரே நின்றால் சுவரின் அகலம் தெரியும்.

4. குமிழிகளைப் பார்ப்பது: நேரம் கணிப்பது

பால் பொங்கப்போவதைக் குமிழி சொல்லும். கடலிலும் அறிகுறிகள் உண்டு. அலைகள் கூட்டமாக வரும். சில பெரிய அலைகள், பிறகு பல நிமிட அமைதி, மீண்டும் ஒரு கூட்டம். தொடுவானத்தில் அடர்ந்த கோடுகள் தெரிந்தால் கூட்டம் வருகிறது. கரையருகே நீர் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்கினால் முன்னால் பெரியது எழுந்துகொண்டிருக்கிறது. பல நேரங்களில் கூட்டத்தின் முதல் அலையைவிட அடுத்தடுத்து வருபவைதான் பெரியவை.

அவசரக்காரர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். நொடிக்கு 10, 20 படம் எடுக்கும் கேமரா இருக்கிறதே என்று அலை தலை தூக்கும்போதே விரலை அழுத்திவிடுவார்கள். கேமராவின் தற்காலிக நினைவகம் சில நொடிகளில் நிரம்பித் திணறும். அலையின் உதடு போன்ற மேல் விளிம்பு கவிழ்ந்து நீர்த்திரை விழும் அந்தக் கணத்தில் கேமரா நின்றுவிடும். முகடு மெலிந்து, மேல் விளிம்பில் ஒளி ஊடுருவத் தொடங்கும்வரை காத்திருந்து, அப்போது அழுத்த வேண்டும்.

5. தீயும் நேரமும்: ஒளியை அளப்பது

பெரிய தீயில் கொஞ்ச நேரம், சின்னத் தீயில் நெடுநேரம்: இரண்டிலும் பால் ஒரே சூட்டுக்கு வரும். கேமராவில் லென்ஸின் துவாரம் தீயின் அளவு, ஷட்டர் திறந்திருக்கும் காலம் அடுப்பில் வைத்திருக்கும் நேரம். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்கலாம். சேரும் ஒளியின் அளவு ஒன்றாக இருந்தாலும், கிடைக்கும் படம் ஒன்றாக இருக்காது.

நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு நீர்த்துளியை எடுத்துக்கொள்வோம். ஷட்டர் நொடியில் 2,000இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் துளி அரை சென்டிமீட்டர்தான் நகரும். தூரத்திலிருந்து பார்க்கும் படத்தில் அது உறைந்து நிற்கும். நொடியில் 60இல் ஒரு பங்கு என்றால் 17 சென்டிமீட்டர், துளி கோடாகிவிடும். கால் நொடி என்றால் இரண்டரை மீட்டர். நீர் பட்டுத்துணியாக மாறும். அலையின் எடையைக் காட்ட வேகமான ஷட்டர், அதன் ஓட்டத்தைக் காட்ட மெதுவான ஷட்டர். இடைப்பட்ட வேகங்கள் பெரும்பாலும் வெறும் மங்கலாகத்தான் முடிகின்றன. புயல் நாளில் ஒளி குறைவு என்பதால் வேகமான ஷட்டருக்கு ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை உயர்த்த வேண்டிவரும். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை. அசைந்து கெட்ட அலையைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

நுரைக்குத் தனிக் கவனம் வேண்டும். காட்சி முழுவதும் சராசரிச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்கிடுகிறது. வெண்ணுரை நிறைந்த காட்சியை அது அழுக்கு வெள்ளையாக்கிவிடும். கரிய மேகம் நிறைந்த காட்சியில் நுரையை வெளிறச் செய்துவிடும். முதலாவதற்கு ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். இரண்டாவதற்குக் குறைக்க வேண்டும். நுரையில் விவரம் தங்குவதுதான் அளவுகோல்.

இந்தச் சிக்கல் புகைப்படக்கலையின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1850களின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரிந்தன. கடலுக்கு ஏற்ப ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1857இல் சேத் நகரக் கரையில் எடுத்த பேரலைப் படத்துக்குக் கடலை ஒரு தகட்டிலும் வானத்தை வேறொரு தகட்டிலும் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். ஓடும் அலையைக் கண்ணாடியில் நிறுத்திக் காட்டியதும், வானத்தையும் அதோடு சேர்த்ததும் அன்றைக்குப் பெரும் சாதனை.

6. அளவு தெரிய ஒரு பொருள்

வெறும் நீரை மட்டும் எடுத்தால் அது 2 மீட்டர் அலையா, 20 மீட்டர் அலையா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு மனிதர், படகு, கலங்கரை விளக்கம் என்று ஏதாவது வேண்டும். 1989 டிசம்பர் 21 அன்று புகைப்படக்காரர் ழான் கிஷார், பிரான்சின் பிரித்தானி கரைக்கு அப்பால் உள்ள லா ழுமான் கலங்கரை விளக்கத்தை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றதற்கு இதுவே காரணம். அலை கோபுரத்தைப் பின்னாலிருந்து இரு பக்கமும் சூழ்ந்து எழுகிறது. கீழே திறந்த கதவில் விளக்குக் காவலர் நிற்கிறார். தன்னை மீட்கத்தான் ஹெலிகாப்டர் வந்திருக்கிறது என்று நினைத்து அவர் கதவைத் திறந்திருந்தார். அலையை உணர்ந்து உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டதால் பிழைத்தார். கதவில் நிற்கும் அந்தச் சின்ன உருவம் இல்லாவிட்டால் அலையின் பிரமாண்டம் நமக்குப் புரிந்திருக்காது.

டெலிபோட்டோ லென்ஸ் அலையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று சொல்வதுண்டு. உண்மையில் அதைச் செய்வது தூரம். ஒரு கலங்கரை விளக்கத்திலிருந்து 50 மீட்டரில் நிற்கிறீர்கள். அலை அதற்கு 450 மீட்டர் பின்னால் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கலங்கரை விளக்கத்தோடு ஒப்பிட்டால் அலை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதே அலை பத்தில் ஏழு பங்காகத் தெரியும். விலகி நிற்பவருக்குத்தான் அலையும் கலங்கரை விளக்கமும் உண்மைக்கு நெருக்கமான அளவில் கிடைக்கின்றன. டெலிபோட்டோ அந்தத் தூரத்துக் காட்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது.

இந்தப் படங்கள் அழகுக்கு மட்டும் பயன்படுவதில்லை. அலைச்சறுக்கு வீரர் செபாஸ்தியான் ஸ்டாய்ட்னர் 2020 அக்டோபர் 29 அன்று நசாரேயில் சறுக்கிய அலையை 26.21 மீட்டர் என்று கின்னஸ் உலகச் சாதனையாக ஏற்றது. சறுக்குபவரின் உடல் அளவை அளவுகோலாகக் கொண்டு படங்களிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவது இத்துறையின் வழக்கம். 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் எரிவாயு மேடையில் 25.6 மீட்டர் ராட்சத அலையை லேசர் கருவி பதிவு செய்தது. அதற்குப் படம் கிடையாது. நம்மிடம் இருப்பது ஒரு வரைகோடு மட்டும்.

7. உப்பு, ஓதம், உயிர்

கடற்காற்றில் வரும் உப்புச் சாரல் லென்ஸில் படிந்து காய்ந்தால், தேய்க்கும்போது கீறும். உலர்ந்த துணியால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். முக்காலியைத் தாழ்வாக வைத்து, பையை அதில் கட்டித் தொங்கவிடாமல் தரையில் அழுந்த வையுங்கள். தொங்கும் பை காற்றில் ஆடி அதிர்வைக் கூட்டும்.

தீ எரியாமலே பால் பொங்குமா என்று கேட்கலாம். கரையில் நிற்பவருக்கு அப்படித்தான் தோன்றும். தென் இந்தியப் பெருங்கடலின் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள் சில நாள் கழித்து, உள்ளூரில் காற்றே இல்லாத வெயில் நாளில், கேரளத்தையும் கன்னியாகுமரியையும் வந்து தாக்குகின்றன. கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்த நாள்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கேமராப் பையைத் தூக்கும் முன் அதைப் பாருங்கள். அலையின் கால இடைவெளியையும் ஓத நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் கேமராவைத் தொடாமல் கடலைக் கவனியுங்கள். பாறை ஈரமாக இருக்கிறதா? அலை அங்கே வரை வந்திருக்கிறது. அதற்கு மேலேயும் வரும். கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், நீங்கள் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது இன்னொருவர் கண் கடலில் இருக்கட்டும். எச்சரிக்கை உள்ள நாளில் மணலிலும் பாறையிலும் இறங்கவே வேண்டாம். உயரமான இடத்தில், நன்றாக விலகி நின்று எடுங்கள். பாதுகாப்பான இடமும் அதுதான், அலையின் உண்மையான அளவு தெரியும் இடமும் அதுதான்.