புரட்டாசி விருந்தினர்: நீலவரியனும் சாம்பல் வாலாட்டியும்

கோவை மலையடிவாரம், செப்டம்பர் – அக்டோபர்

வடகிழக்குப் பருவமழைக்கு முன், நீலவரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் கூட்டங்கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகின்றன. வெயில் ஏறியதும் பாதையோரக் கிலுகிலுப்பைச் செடிகளைப் பாருங்கள். காய்ந்த, அடிபட்ட தண்டுகளில் மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்கள். அங்கு உறிஞ்சும் ஆல்கலாய்டிலிருந்தே பெண்ணை ஈர்க்கும் மணத்தை அவை உருவாக்குகின்றன. அதே பொருள், தின்ன வரும் பறவைக்கு அவற்றைக் கசக்கச் செய்கிறது. வியக்கத்தக்க ஏற்பாடு இது.

ஓடைக்கரையில் நீண்ட வாலை ஓயாமல் ஆட்டுவது சாம்பல் வாலாட்டி. மஞ்சள் அடிவயிறு அடையாளம். இமயமலையிலும் அதற்கு வடக்கிலும் கூடு கட்டும் இப்பறவை குளிர்காலத்தை இங்கே கழிக்கிறது.

காய்ந்த கிலுகிலுப்பையைக் குப்பையென்று பிடுங்காதீர்கள்.