தோட்டவெளியின் கிணறுகளும் ஒல்லாந்தரின் பாடமும்

மன்னார்த் தீவில் காற்றாலைகளை மேலும் நிறுவுவதற்கு எதிராக 2025 ஆகஸ்ட் மாதத்தில் மக்கள் வீதியில் இறங்கியதும், அதனையடுத்து அப்பணிகள் ஒரு மாத காலத்துக்கு இடைநிறுத்தப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியின் 30 கோபுரங்கள் தீவின் தென்கரையில் ஏற்கனவே சுழன்று கொண்டிருக்கின்றன. கோபுரங்களுக்காக அமைக்கப்பட்ட பாதைகள் மழைவெள்ளம் கடலுக்கு ஓடும் வழிகளை மறித்துவிட்டன என்பது மக்களின் முறைப்பாடு. இல்மனைட் மணல் அகழ்வுக்கென அவுஸ்திரேலிய நிறுவனமொன்று நடத்திய ஆய்வுத் துளையிடல்களும் இதே அச்சத்தையே கிளப்பின. பறவைகளைப் பற்றியும் மீன்பிடியைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. நிலத்தடி நீரைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் அச்சத்தோடு நின்றுவிட்டது. அளவுகளைப் பற்றி எவரும் பேசவில்லை. இது குறித்துச் சற்று விரிவாக நோக்குவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

தோட்டவெளி, எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை முதலிய ஊர்களின் கிணறுகளில் ஊறும் நன்னீர் எங்கிருந்தோ ஓடிவரும் நீரன்று. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரைவிட உவர்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவு அடர்த்தி கூடியது என்பதே இதற்குக் காரணம். இவ்வாறு மிதக்கும் நீர் நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால் அதனை நன்னீர் வில்லை என்பர். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை அது இருக்கக்கூடும் என்பது கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். மேலே ஒரு சாண் நீர் நிரந்தரமாகக் குறைந்தால், கீழே உவர்நீர் நாளடைவில் நாற்பது சாண் ஏறிவிடும். எமது முன்னோர் பூவலும் துரவும் ஆழமின்றித் தோண்டி, துலாவால் சிறிது சிறிதாக இறைத்தது வறுமையினால் மட்டுமன்று. குழாய்க்கிணற்றை ஆழமாக இறக்கி இயந்திரத்தால் இறைப்பவர் தம் கிணற்றை மட்டுமல்லாது அயலவரின் கிணற்றையும் உவராக்கக்கூடும்.

இந்த விதியை எழுத்தில் வடித்தவர்களுள் ஒருவர் ஒல்லாந்து நாட்டுப் படைப் பொறியியலாளரான படோன் கைபன். அம்ஸ்ரடாம் நகருக்கு அண்மையில் கிணறு துளைப்பது தொடர்பாக 1888-89 காலப்பகுதியில் அவர் எழுதிய குறிப்பும், வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஜேர்மனியரான ஹெர்ஸ்பெர்க் 1901இல் வெளியிட்ட ஆய்வும் சேர்ந்து இருவர் பெயராலும் இவ்விதி வழங்குகின்றது. 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தர், இங்கிருந்த மணற்கிணறுகளில் நீரருந்தியும் அதனைக் கற்றுக்கொள்ளவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

விதியை அறிந்தும் அவர்கள் தவறிழைத்தனர். 1853 முதல் அம்ஸ்ரடாம் நகரம் கடலோர மணல்மேடுகளிலிருந்து குடிநீரைப் பெற்று வந்தது. நகரம் பெருகப் பெருக, மழை ஈடுசெய்யும் அளவுக்கும் அதிகமாக நீர் எடுக்கப்பட்டது. உவர்நீர் மேலேறியது. 1957 முதல் றைன் ஆற்று நீரைச் சுத்திகரித்துக் கொணர்ந்து அம்மணல்மேடுகளுக்குள் ஊறவிட்டே அந்நகரம் தன் நீர்வளத்தை மீட்டுக்கொண்டது. செல்வந்த நாடொன்றுக்கு அது இயன்றது. மன்னாருக்கோ அப்படியொரு ஆறு தீவுக்குள் இல்லை. பெருநிலப்பரப்பில் முருங்கனிலிருந்து குழாய்வழி வரும் நீரே துணையாக உள்ளது.

நெதர்லாந்தின் ஆய்வு நிலையங்கள் இன்று உலகெங்கும் பேசப்படுவதற்கு இத்தகைய பட்டறிவே அடிப்படையாகும். 1953 பெருவெள்ளத்தில் 1,800க்கும் அதிகமானோர் மாண்ட பின்னர் நீரியல் ஆய்வுக்கு அந்நாடு பெரும் முதலீடு செய்தது. 1957இல் டெல்ஃப்ற் நகரில் தொடங்கிய நீர்க்கல்வி நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர்களும் பயின்றுள்ளனர். 2008இல் பல நிறுவனங்களை ஒன்றிணைத்து உருவான டெல்ராரெஸ், கடலோர மாகாணமான சீலாந்தில் ஹெலிகொப்ரரிலிருந்து மின்காந்தக் கருவியைத் தொங்கவிட்டு, நிலத்தடியில் நன்னீர் எங்கே முடிந்து உவர்நீர் எங்கே தொடங்குகின்றது என்பதை மாகாணம் முழுவதற்கும் வரைபடமாக்கியது. அதே மாகாணத்தில் மாரிகால மிகைநீரைப் பழைய ஓடைகளின் மணல்மேடுகளுக்குள் இறக்கிக் கோடைப் பயிருக்கு எடுக்கும் முறையும் பரிசோதிக்கப்பட்டுள்ளது.

இவற்றுள் எமக்கு உடனடியாக வேண்டியது ஹெலிகொப்ரர் அன்று. அந்நாட்டில் கிணற்று நீர்மட்ட அளவுகள் தசாப்தக் கணக்கில் ஒரே இடத்தில் திரட்டப்பட்டு, எவரும் எடுத்துப் பார்க்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அவர்களது வரைபடங்களுக்கும் கணிப்புகளுக்கும் அதுவே முதுகெலும்பு. மன்னாரில் அத்தகைய பதிவு எதுவும் ஊராரின் கையில் இல்லை. 1990இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர்; தமிழ் மக்கள் பலர் படகேறி இராமேஸ்வரம் கரையை அடைந்தனர். எந்தக் கிணறு எந்த மாதம் சவர்க்கும் என்பதை அறிந்திருந்த முதியோரின் நினைவுத்தொடரும் அத்துடன் அறுந்தது. ஆகவே பாதையொன்றால் வெள்ளம் தேங்கியதா, துளையிடலால் நீர் கெட்டதா என்ற கேள்விக்கு, முன்னைய நிலை தெரியாத நிலையில், எத்தரப்பும் நம்பத்தக்க பதிலைத் தர இயலாது.

வெள்ளத்தை முற்றாகக் கடலுக்கு வடித்துவிட வேண்டுமென்ற கோரிக்கையையும் நிதானித்தே நோக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் நிற்கும் வெள்ளம் மலசலக் குழிகளோடு கலந்து கிணற்றைக் கெடுக்கின்றது என்பது உண்மை. ஆயினும் கோடைக்கான இருப்பும் அந்த மழைதான். குடியிருப்புகளிலிருந்து வடித்து, ஊருக்குப் புறத்தேயுள்ள மணற்பாங்கில் தேக்கி ஊறவிடுவதே பொருத்தமானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் மட்டக்களப்புக் கரையோரத்தில் உவரான கிணறுகளைத் தூய்மைப்படுத்தும் நல்லெண்ணத்துடன் மிகையாக இறைத்தபோது, அடியிலிருந்த உவர்நீரே மேலேறியது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று.

நீர்வளச் சபையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பிரதேச சபையும் இணைந்து, தோட்டவெளி தொடங்கித் தலைமன்னார் வரை ஊருக்கு இரு கிணறுகளையேனும் தெரிந்து, மாதந்தோறும் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து, பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கோவிலிலும் பாடசாலையிலும் அறிவித்தற் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதற்கு ஓர் அளவு நாடாவும் கையடக்க மின்கடத்துதிறன் மானியுமே தேவை. அடுத்த மாரிக்கு முன்னரே முதல் அளவை எடுத்தாக வேண்டும். ஏனெனில் மழைக்கு முந்திய அளவின்றி மழை தந்ததைக் கணக்கிட முடியாது.