தீர்ப்பும் கதையும் கீர்த்தனையும்
மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை காட்டிய வழி

நம் பங்குகளில் இத்தகைய இளைஞர் ஒருவரையேனும் நாம் காணாதிருப்பதில்லை. பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். ஞாயிறு காலையில் ஆலயப் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறார். இரவில் வீட்டார் உறங்கிய பின், விளக்கடியில் அமர்ந்து ஏதோ ஒரு நாவலை எழுதிக் கொண்டிருக்கிறார். அந்த நாவலைக் கேட்டவரும் இல்லை, வெளியிடுவதாக வாக்களித்தவரும் இல்லை. "சம்பளம் தரும் வேலை இருக்க, இந்த இரண்டும் உனக்கு எதற்கு?" என்று தந்தை கேட்கிறார். "எழுத்து என்றால் எழுத்து, பாட்டு என்றால் பாட்டு. ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யக்கூடாதா?" என்று நண்பர் கேட்கிறார். நாளடைவில் அவருக்கே ஐயம் பிறந்து விடுகிறது. பெட்டியை விற்று விடலாமா, நோட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டு விடலாமா என்று எண்ணத் தொடங்குகிறார்.

இவருக்கும் இவருடைய குடும்பத்தாருக்கும் நாம் சொல்ல விரும்பும் மறுமொழி ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் நம் திருச்சபையின் மகன். தமிழின் முதல் நாவலை எழுதியவர். கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர். இவ்விரண்டும் அவருடைய தொழில் அல்ல என்பதுதான் வியப்பு. அவருடைய தொழில் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பு வழங்குவது. அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரோடு இவரைக் குழப்பிக் கொள்வோர் இன்றும் உளர். சாஸ்திரியார் சீர்திருத்த சபையைச் சார்ந்த பெரும்புலவர், 1864-இல் மறைந்தவர். நாம் பேசுவதோ 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்த வேதநாயகம் பிள்ளையைப் பற்றி.

அலுவலே பள்ளிக்கூடம்

திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கிய அவர், பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-இல் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடிக்குச் சென்றார். டேனியர் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்று அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர் சீர்காழியிலும், இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்திலும் நீதிபதியாக அமர்ந்தார்.

முன்சீப் வேலை இலேசானதன்று. நிலத் தகராறு, கடன் தகராறு, பாகப்பிரிவினை என்று காலை முதல் மாலை வரை வழக்குகள் வந்த வண்ணம் இருக்கும். பத்திரங்களைப் படிக்க வேண்டும். சாட்சிகளை விசாரிக்க வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். இந்த வேலைக்கு நடுவே கலைக்கு இடம் எங்கே என்று நாம் கேட்கலாம். ஆனால் அவருக்கு அந்த அலுவலே ஒரு பள்ளிக்கூடம் ஆயிற்று. சாதாரண மக்கள் தம் துன்பத்தைத் தம் சொந்தச் சொற்களில் கூறுவதை அவர் நாள்தோறும் கேட்டார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், உரைநடையில் ஒரு முழுக் கதையைச் சொல்லும் துணிவு அவருக்கு வந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

அவர் பெற்றதை அலுவலுக்கே திருப்பியும் கொடுத்தார். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவரும் சட்டத்தை அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சிறு பொழுதுக்குச் சிறு நூல்

அவருடைய நூல்கள் வெளிவந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 'நீதிநூல்' 1859-இல் வந்தது. 'பெண்மதி மாலை' 1869-இல் வந்தது. இவை அவர் பதவியில் இருந்த காலத்தவை. தனித்தனிப் பாடல்களாக, கிடைத்த ஓய்வில் ஒவ்வொன்றாய் இயற்றத் தக்கவை. 1872-இல் அவர் பதவியிலிருந்து விலகினார். அதன் பின்னரே 1878-இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' தொகுப்பும், 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் நாவலும், 1887-இல் 'சுகுண சுந்தரி சரித்திரம்' என்னும் இரண்டாம் நாவலும் அச்சேறின.

நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. சிறு பொழுது கிடைத்த காலத்தில் சிறு நூல் செய்தார். நீண்ட பொழுது வாய்த்தபோது பெருநூலை வெளிக்கொணர்ந்தார். பொழுது சிறிது என்று சும்மா இருந்து விடவும் இல்லை. பெருநூலுக்காகப் பதவியைப் பாதியில் உதறி விடவும் இல்லை. முந்தைய உழைப்பும் வீண் போகவில்லை. நீதிநூல் முதலியவற்றில் விதியாகக் கூறியவற்றையே இக்கதையில் எடுத்துக்காட்டால் விளக்குவதாக அவர் தம் முகவுரையில் தெரிவிக்கிறார்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அக்காலப் புலவர் பலர் ஜமீன்தார்களையும் மடங்களையும் அண்டி வாழ்ந்தனர். வேதநாயகம் பிள்ளைக்கு அரிசியும் பருப்பும் சம்பளத்தில் வந்தன. ஆகவே எவரையும் மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் அவர் எழுத்துக்கு இல்லை. கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டித்தார். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று வாதாடினார். தமிழ் நாட்டு நீதிமன்றத்தில் தமிழரே தமிழருக்கு முன் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையைத் தம் நாவலிலேயே நகையாடினார். நாவலின் தலைவி ஞானாம்பாளை ஆண் வேடத்தில் அரியணையில் அமர்த்தி, நாடாளவும் வைத்தார். அவருடைய வேலை அவருடைய எழுத்தின் சுதந்தரத்திற்கு வேலியாக நின்றது.

அந்த எழுத்தும் வேலைக்குக் காவல் நின்றது. கைக்கூலியைப் பாட்டில் பழித்த நீதிபதியை ஊரே கண்காணிக்குமன்றோ? தாம் எழுதியதற்கு ஏற்ப வாழும் கடமையை அவர் தம் தோளில் தாமே ஏற்றிக் கொண்டார்.

மேடை ஏறாத இசை

இசையில் அவர் மேடை வித்துவான் அல்லர். ஆயினும் கீர்த்தனையின் இலக்கணம் அறிந்து, பல்லவி, அனுபல்லவி, சரணம் என முறையாக இயற்றினார். எச்சமயத்தாரும் தம் இறைவனை நினைந்து பாடத் தக்க வண்ணம் சமரசக் கீர்த்தனைகளை அமைத்தார். நம் வேதத்திற்கென்றே 'சத்திய வேதக் கீர்த்தனைகள்' பாடினார். தேவமாதாவுக்கு அந்தாதி சூட்டினார். தம் விசுவாசத்தில் உறுதியாக நின்றுகொண்டே, சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடும் நெருங்கிய நட்புப் பூண்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது 'குளத்தூர்க் கோவை' என ஒரு நூலே பாடினார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்போது வேதநாயகம் பிள்ளை பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனை பாடி இறைவனிடம் முறையிட்டார். பாடியதோடு நிற்கவில்லை, தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். அதைக் கண்டு, 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை ஒன்று பாடினார் என்பர். ஒரு முன்சீப்பின் இசை ஆர்வத்துக்கு இசைப் பேராசான் ஒருவரிடமிருந்து இத்தகைய பரிசு கிடைத்தது. அது அவருடைய ராக ஞானத்திற்காகக் கிடைத்ததன்று, கஞ்சிக்காகக் கிடைத்தது!

குறை இல்லையா?

குறையே இல்லாதவர் என்று நாம் அவரைக் காட்ட விரும்பவில்லை. அவருடைய நாவலில் கிளைக்கதைகள் மிகுதி. அறிவுரை கதையை மறித்து நிற்கும் இடங்களும் உண்டு. இசையிலும் மும்மூர்த்திகளுக்கு நிகராக அவரை எவரும் வைப்பதில்லை. எனினும் அவர் 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் மறைந்து பல தலைமுறைகள் கடந்த பின்னும், அந்த நாவல் அச்சில் இருக்கிறது. அவர் பாடல்களும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. முதலிடம் கேளாமல், தம்மிடம் இருந்ததை மறைக்காமல் கொடுத்ததே அவர் செய்தது. தாலந்து உவமையில் ஐந்து பெற்றவனையும் இரண்டு பெற்றவனையும் தலைவன் ஒன்றுபோலவே பாராட்டினான் அல்லவா? கண்டனம் பெற்றவன் தாலந்தை மண்ணில் புதைத்தவன் மட்டுமே.

பெற்றோர்களே! மகனோ மகளோ இரவில் எழுதினால், மாலையில் பாடினால், அதை வீண்பொழுது என்று எள்ளி நகையாட வேண்டாம். "முடித்ததைப் படித்துக் காட்டு" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இல்லத்தில் ஒருமணி நேர அமைதியை அவர்களுக்கு ஈந்து பாருங்கள்.

இளைஞர்களே! கலையின் பெயரால் அலுவலில் குறை வைக்காதீர்கள். குடும்ப செபத்துக்கும் மனைவி மக்களுக்கும் உரிய வேளையையும் திருடாதீர்கள். எஞ்சும் பொழுது சிறிதாயின் ஒரு பாட்டோ ஒரு பக்கமோ போதும். பெரிய பொழுது வரும் நாளில், அந்தச் சிறியவை அனைத்தும் உங்களுக்கு அடித்தளமாகக் காத்திருக்கும்.

ஆர்மோனியப் பெட்டியை விற்க வேண்டாம், தம்பி. நோட்டுப் புத்தகமும் பரணுக்குப் போக வேண்டாம். நாளைக் காலை அலுவலகத்துக்கு நேரத்தோடு செல்லுங்கள். ஞாயிறன்று பாடற்குழுவுக்கும் தவறாமல் வாருங்கள். மாயூரத்து நீதிபதி ஒருவர் உங்களுக்கு முன்பே அவ்வழியில் நடந்திருக்கிறார்.